நீமா, ஆர்லா? தென் பிரான்ஸில் ரோமானியத் தடம் தேடுபவருக்கு

தென் பிரான்ஸில் ரோமானியர் விட்டுச் சென்றதைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நீம் நகரில் இறங்குவதா, ஆர்லில் இறங்குவதா? இடையே ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனாலும் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். எதுவுமே மனதில் தங்காது.

இரு ஊர்களிலும் நீள்வட்ட அரங்கு உண்டு. ஆர்லின் அரங்கு 136 மீட்டர் நீளம், நீமுடையது 133. நீளத்தில் சற்றே குறைந்தாலும், சிதையாமல் நிற்பதில் நீமுக்குத்தான் முதலிடம். வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுக்கக் கம்பம் நட்ட துளைக்கற்கள்கூட அதன் உச்சியில் மிஞ்சியிருக்கின்றன. ஆர்ல் மக்களோ இடைக்காலத்தில் அரங்கையே கோட்டையாக்கி, உள்ளே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வீடுகளை அகற்றினார்கள். காவல் கோபுரங்கள் மூன்று இன்னும் நிற்கின்றன.

நீமின் பெருமை மேசோன் காரே கோயில். முகப்பை அண்ணாந்து பாருங்கள்: எழுத்து இருக்காது, ஆணித்துளைகள் மட்டும் இருக்கும். வெண்கல எழுத்துகள் என்றோ போய்விட்டன. 1758இல் செகியே என்ற அறிஞர் அந்தத் துளைகளின் அமைப்பை வைத்தே வாசகத்தை மீட்டார்: முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் பேரர்கள் காயஸ், லூசியஸ் இருவருக்கும் எடுத்த கோயில். அந்தத் துளைகளுக்காகவே நீமுக்குப் போகலாம். நீமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த போன் து கார் பாலமும் பக்கத்தில்தான். 49 மீட்டர் உயரம். சுமார் 50 கிலோமீட்டர் நீண்ட கால்வாயின் ஒரு துண்டு அது.

இருந்தும் என் ஓட்டு ஆர்லுக்கே. காரணம் அரங்கு அல்ல, தொல்பொருள் அருங்காட்சியகம். ரோன் ஆற்றின் அடியிலிருந்து 2011இல் எடுத்த 31 மீட்டர் சரக்குப் படகு அங்கே முழு நீளத்துக்கும் கிடக்கிறது. கல் ஏற்றிய நிலையிலேயே மூழ்கிய படகு. உடைந்த பெரிய தாழி ஒன்றைப் படகோட்டிகள் அடுப்பாக வைத்துச் சமைத்திருக்கிறார்கள். பேரரசரின் பேரர்களுடைய தடத்தை நீமில் பார்க்கலாம். கூலிக்குப் படகோட்டியவர்களின் அடுப்பை இங்கேதான் பார்க்க முடியும். ரோமானிய ஊரின் மையச் சதுக்கமான மன்றத்தை (ஃபோரம்) தாங்கிய நிலவறைக் கூடங்களையும் விடாதீர்கள். கோடையில் அங்கே குளிர்ந்திருக்கும்.

ஆரஞ்சு நகர அரங்கின் 103 மீட்டர் நீளக் கற்சுவர் பிரமாண்டம்தான். இன்னொரு நாள் மிஞ்சினால் போகலாம்.

முதல்முறை போகிறவர், முழுக் கட்டடம் பார்க்க ஆசைப்படுபவர், குழந்தைகளோடு போகிறவர் நீமுக்கே போகட்டும். ஆர்லுக்கென்றால் செவ்வாய்க்கிழமை வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.