வீட்டு ஒலிப்பதிவில் டிரம்ஸ்: மைக் வழியா, மின்னணு செட்டா, சாம்பிள் மென்பொருளா?

குரலையும் கிட்டாரையும் ஒரு மைக், ஒரு கேபிள், ஒரு மூலை இருந்தால் வீட்டிலேயே தரமாகப் பதிந்துவிடலாம். டிரம்ஸ் அவ்வளவு எளிதாக வசப்படுவதில்லை. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், டாம்கள், ஹை-ஹாட் (பெடலால் திறந்து மூடும் சிம்பல் இணை), சிம்பல்கள் எனப் பல கருவிகள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், ஒவ்வொரு மைக்கிலும் மற்ற எல்லாவற்றின் ஒலியும் கலந்தே பதிவாகிறது. எனவே வீட்டில் பதிவு செய்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: உண்மையான செட்டை மைக் வைத்துப் பதிவது, மின்னணு செட்டை வாசித்து அந்த வாசிப்பை மிடியாக (ஒலியாக அல்லாமல், எந்த அடி எப்போது எவ்வளவு வலுவாக விழுந்தது என்ற குறிப்பாக) பதிந்து சாம்பிள் மென்பொருள் (முன்பே பதிந்த டிரம் ஒலிகளின் தொகுப்பு) மூலம் ஒலிக்கவைப்பது, வாசிப்பவரே இல்லாமல் கணினியில் தட்டியும் வரைந்தும் தாளத்தை அமைப்பது. இவற்றை விலையையும் ஒலித்தரத்தையும் வைத்து மட்டும் ஒப்பிடுவது போதாது என்று கருதுகிறேன். பதிவு முடிந்தபின் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதே மூன்றையும் பிரிக்கும் முக்கியமான கோடு. கருவிகளின் தேர்வும் மிக்சிங் முறையும் அதிலிருந்தே பிறக்கின்றன.

மைக் வழியைப் பொறுத்தவரை, முதல் கருவி அறைதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணிக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே உருவாகும் முதல் நிலை அலை (அறையின் சில இடங்களில் ஒலியைக் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் காட்டும் அலை) சுமார் 57 ஹெர்ட்ஸில் அமைகிறது. கிக் டிரம்மின் அடித்தள ஒலி பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், அறை நேராக அதன் மேலேயே கைவைக்கிறது. சுவரோரம் கிக் வீங்கிக் கேட்கும். அறையின் நடுவில் அதே கிக் மெலிந்துபோகும். கூரையும் இதே அளவுக்குத் தொல்லை தரும். ஓவர்ஹெட் மைக் (செட்டுக்கு மேலே வைக்கும் மைக்) கூரைக்கு 40 செ.மீ. கீழே இருந்தால், மேலே போய்த் திரும்பும் ஒலி சுமார் 80 செ.மீ. கூடுதலாகப் பயணித்து 2.3 மில்லிநொடி தாமதமாக வந்து சேர்கிறது. அதனால் 214 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குழியும் (ஒலி வெகுவாகக் குறையும் அதிர்வெண்) அதற்கு மேல் வரிசையாகப் பல குழிகளும் விழுகின்றன. தாழ்ந்த கூரையுள்ள அறைகளில் பதிந்த சிம்பல் ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்கு முக்கியமான காரணம் இதுவே. மெல்லிய ஃபோம் தகடுகள் உச்ச அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும். செட்டுக்கு நேர் மேலே 10 செ.மீ. தடிமனுள்ள கனிமக் கம்பளிப் பலகையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் பயனை, இரு மடங்கு விலையுள்ள மைக்கும் தராது.

ஓவர்ஹெட் மைக்கை எந்த வகையில் வாங்குவது என்பதையும் இந்தக் கூரையே தீர்மானிக்கிறது. ரிப்பன் மைக் சிம்பலின் கூர்மையைத் தணித்து இதமாகப் பதியும் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலான ரிப்பன் மைக்குகள் முன்னும் பின்னும் சம அளவில் கேட்கும் எட்டு வடிவ அமைப்பு கொண்டவை என்பதால், கீழே செட்டைப் பார்க்கும் மைக்கின் முதுகு கூரையை நோக்கியே இருக்கும். உயரமான, பண்படுத்தப்பட்ட அறையில் அது வரம். தாழ்ந்த கூரையில் சுமை. சிறிய அறைக்குக் கார்டியாய்டு (முக்கியமாக முன்பக்கத்தை மட்டும் கேட்கும்) அமைப்புள்ள சிறிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் இணையே பாதுகாப்பான தேர்வு. அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் (மைக் கேபிள் வழியாகவே வருவது) தேவைப்படும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்கிறது. ஸ்னேருக்கு 1965 முதல் சந்தையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.57 இன்னும் போதும். தவறிக் குச்சி பட்டாலும் தாங்கும். அதன் பின்புறத்தை ஹை-ஹாட்டை நோக்கித் திருப்பினால் கசிவும் (மற்ற கருவியின் ஒலி கலந்து பதிவாவதும்) கணிசமாகக் குறையும். கிக்குக்கு ஏ.கே.ஜி. டி112 போன்ற, அடி ஒலிக்கென்றே வடிவமைத்த டைனமிக் மைக் ஒன்று வேண்டும்.

எத்தனை மைக் என்ற கேள்வியில் என் சாய்வு தெளிவானது: வீட்டுக்கு நான்கு போதும். ஒவ்வொரு டாமுக்கும், ஹை-ஹாட்டுக்கும், ஸ்னேரின் அடிப்புறத்துக்கும் தனித்தனி மைக் வைத்தால் கட்டுப்பாடு கூடும் என்பது பாதி உண்மையே, ஏனெனில் கூடுகிற ஒவ்வொரு மைக்கும் மற்றவற்றோடு ஃபேஸ் மோதலுக்கு (ஒரே ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிப்பதற்கு) வழி திறக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்னேருக்கு 5 செ.மீ. அருகில் ஒரு மைக்கும் 1 மீட்டர் உயரத்தில் ஓவர்ஹெட்டும் இருந்தால், ஒரே அடி இரண்டையும் சுமார் 2.8 மில்லிநொடி இடைவெளியில் அடைகிறது. இந்த இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று முதலில் அழித்துக்கொள்ளும் அதிர்வெண் 180 ஹெர்ட்ஸ். ஸ்னேரின் உடல் ஒலி அமர்ந்திருக்கும் இடமும் அதுதான். இரண்டு மைக்கின் ஒலியளவையும் ஏற்றியவுடன் ஸ்னேர் தகரம்போல் மெலிந்துவிட்டதே என்று ஈக்யூவை (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) தேடுவதற்கு முன், அருகிலுள்ள மைக்கின் துருவத்தை மாற்றும் (அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல நேரங்களில் போன உடல் ஒலி அப்படியே திரும்பிவரும்.

நான்கு மைக் அமைப்புகளில் ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் முறை சிறிய அறைக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும். இன்னொன்று ஃபுளோர் டாமுக்கு அப்பால் பக்கவாட்டில் தாழ்வாக நின்று ஹை-ஹாட்டை நோக்கும். இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்கவேண்டும். இந்தத் தூரத்தை ஒரு கயிற்றால் அளந்தாலே போதும். ஸ்னேர் நடுவில் உறுதியாக நிற்கும். தாழ்வான மைக் கூரையிலிருந்து விலகி நிற்பதால் எதிரொலித் தொல்லையும் பாதியாகக் குறையும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் அருகில் ஒவ்வொரு மைக் வைத்தால் கணக்கு நான்கில் முடிகிறது. ஆகவே நான்கு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய மின் குறிகையைப் பெருக்கும் பகுதி) உள்ள இன்டர்ஃபேஸை வாங்குங்கள். அதில் ஏடாட் (பல சேனல்களை ஒரே ஒளியிழையில் அனுப்பும் இணைப்பு முறை) உள்ளீடும் இருந்தால், பின்னாளில் எட்டு சேனல் ப்ரீஆம்ப் பெட்டியை 48 கிலோஹெர்ட்ஸில் இணைத்துக்கொள்ளலாம். விளம்பரங்களில் வரும் எண்களை நம்புவதற்கு முன், மொத்த உள்ளீடுகளில் எத்தனை உண்மையில் மைக் ப்ரீஆம்ப் கொண்டவை என்று பார்க்கவேண்டும். 24 பிட்டில் பதிவதால் அளவை உச்சிக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மிக வலுவான அடி உச்சக் கோட்டுக்கு 10 அல்லது 12 டெசிபல் கீழே நின்றால் போதும்.

இனி மின்னணு செட். ரோலண்ட் நிறுவனம் 1997-இல் வலைத்தோல் பேடுகளுடன் வி-டிரம்ஸை வெளியிட்ட நாளிலிருந்து, வீட்டுக்குள் வாசிக்கும் அனுபவம் உண்மையான தோலை வெகுவாக நெருங்கிவிட்டது. ரப்பர் பேடை விட வலைத்தோல் சத்தம் குறைவு, மணிக்கட்டுக்கும் இதம். ஆனால் கீழ்வீட்டாரைத் தொந்தரவு செய்வது பேடின் சத்தத்தைவிடக் கிக் பெடல் தரைக்கு அனுப்பும் அதிர்வே என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ளவேண்டும். இந்த வழியின் பெரிய பலம், வாசிப்பு மட்டுமே பதிவாகி ஒலி பின்னர் தீர்மானிக்கப்படுவதுதான். தவறிய ஓர் அடியைத் திருத்தலாம், பாடல் முடிந்தபின் ஸ்னேரையே மாற்றலாம். ஆகவே தொகுதிப் பெட்டியின் (பேடுகளின் அடியை ஒலியாக்கும் பெட்டி) ஸ்டீரியோ ஒலியை மட்டும் பதிந்து வைப்பது, கையிலுள்ள பலத்தை நாமே கைவிடுவதாகும். பெட்டியின் ஒலியையும் பதியுங்கள், ஆனால் மிடியைக் கட்டாயம் பதியுங்கள்.

பலவீனம் ஹை-ஹாட்டிலும் சிம்பலிலும் இருக்கிறது. பாதி திறந்த ஹை-ஹாட்டின் மேல் குச்சியின் தோள் உரசும்போது எழும் எண்ணற்ற நிறபேதங்களை, 1 முதல் 127 வரையான மிடி வேகமும் (அடியின் வலுவைக் குறிக்கும் எண்) பெடலின் நிலையும் சேர்ந்தும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. ராக் தாளத்தில் இது பெரிதாகத் தெரியாது; குச்சியின் நுணுக்கமே உயிராக இருக்கும் ஜாஸ் வாசிப்பில் உடனே வெளிப்படும். தாமதமும் கவனிக்கத்தக்கது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் துண்டு) 128 சாம்பிளாக இருந்தால் ஒரு திசைக்கு 2.7 மில்லிநொடி ஆகிறது. பேட் அடியை உணர்ந்து ஒலி காதை எட்டும்வரையுள்ள மொத்தத் தாமதம் 10 மில்லிநொடியைத் தாண்டும்போது வாசிப்பவர் தன்னையறியாமலேயே முந்தத் தொடங்குகிறார்.

மூன்றாவது வழிக்கு விசைப்பலகையும் மென்பொருளும் போதும். டூன்டிராக்கின் சுப்பீரியர் டிரம்மர் 3, ஜார்ஜ் மாசன்பர்க் பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் பதிந்த 230 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட ஒலிகளைக் கொண்டது. எந்த வீட்டு அறையும் அந்த அறையோடு போட்டியிட முடியாது. ஆயினும் தொடங்குபவர் இவ்வளவு பெரிய தொகுப்பை வாங்கவேண்டியதில்லை. எம்.டி. பவர் டிரம்கிட், ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5-இன் இலவசப் பதிப்பு ஆகியவை கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். இங்கே குறை ஒலியில் இல்லை, அடிகளை எழுதும் கையில்தான் இருக்கிறது. எல்லா அடிகளும் ஒரே மிடி வேகத்தில், திரையிலுள்ள தாளக் கட்டத்தின் கோட்டில் அச்சாக அமர்ந்தால் எந்தத் தொகுப்பும் உயிரற்றுப் போகும். டிரம்மருக்கு இரண்டு கைகளும் இரண்டு கால்களும் மட்டுமே உண்டு. ஸ்னேரும் கிராஷ் சிம்பலும் விழும் அதே கணத்தில் ஹை-ஹாட்டிலும் குச்சியின் அடி விழுந்தால், கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று படும். மென்பொருளின் தற்செயல் பொத்தான் வேகத்தை இலக்கின்றிச் சிதறடிக்கும். மனிதக் கை அப்படிச் சிதறுவதில்லை. வலுவான அடிக்கும் மெல்லிய அடிக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைக் கையால்தான் எழுதவேண்டும்.

மிக்சிங்கில் இந்த வேறுபாடுகள் அனைத்தும் முன்னால் வந்து நிற்கும். மைக்கில் பதிந்த டிரம்ஸை ஓவர்ஹெட்டிலிருந்து தொடங்கவேண்டும். அங்கேதான் முழு செட்டும் ஒரே கருவியாக இருக்கிறது. அதைத் தனியே நன்றாக நிறுத்தியபின், குறைவதை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் கிக்கையும் ஸ்னேரையும் ஏற்றவேண்டும். கிக்கில் 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை சற்று இறக்கினால் அட்டைப்பெட்டி ஒலி நீங்கும். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் அடியின் சொடுக்கு வெளிவரும். ஸ்னேர் சேனலைக் கம்ப்ரஸரால் (உரத்த ஒலியை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) கடுமையாக அழுத்தும்போது அதில் கசிந்த ஹை-ஹாட்டும் கூடவே மேலே ஏறிவரும் என்பதால், அழுத்தத்தை நேரடியாகப் போடாமல் இணையாக ஒரு சேனலில் போட்டுக் கலப்பதையே பரிந்துரைக்கிறேன். அட்டாக் நேரத்தை (கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 20, 30 மில்லிநொடி என்று நீட்டினால் அடியின் முனை தப்பிப் பிழைக்கும். புகழ்பெற்ற 1176 கம்ப்ரஸரைப் போலச் செயல்படும் பிளக்-இன் மென்பொருள்களில் இந்த எண்ணைத் தேடவேண்டாம். அக்கருவியின் மிக மெதுவான அட்டாக்கே 0.8 மில்லிநொடிதான்.

சாம்பிள் டிரம்ஸில் இதன் எதிர்த்திசையில் பிரச்சினை எழுகிறது. கசிவில்லாத, ஏற்கெனவே ஈக்யூவும் கம்ப்ரஷனும் போட்ட ஒலிகள் கையில் வருகின்றன. அவற்றின் மேல் மீண்டும் அதே சங்கிலியைப் பூட்டினால் ஒலி தட்டையாகிறது. மென்பொருளில் பதப்படுத்தாத அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிக், ஸ்னேர், ஓவர்ஹெட், அறை மைக் ஆகியவற்றைத் தனித்தனிச் சேனல்களாக வெளியே எடுங்கள். கசிவையும் அறையையும் அறவே அணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மைக்கில் பதிபவர் பெரும்பாடு பட்டுக் குறைக்கும் அந்தக் கசிவுதான், ஓரளவு விட்டுவைத்தால், இங்கு துண்டுதுண்டான ஒலிகளை ஒரே செட்டாக ஒட்டவைக்கிறது.

எந்த வழியானாலும், கேட்கும் பக்கத்துக்கான செலவைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது. 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் கிக்கின் அடித்தளத்தை முழுமையாகக் காட்டுவதில்லை; பெரிய ஸ்பீக்கர் காட்டினாலும், மேலே சொன்ன 57 ஹெர்ட்ஸ் நிலை அலை அதைத் திரித்துவிடுகிறது. பண்படுத்தாத சிறிய அறையில் 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி.600 போன்ற திறந்த ஹெட்போன் நடு அதிர்வெண்களில் மிகவும் நம்பகமானது. அதன் அடி ஒலி சற்று மெலிந்திருப்பதால் நன்கு அறிந்த பதிவுகளோடு ஒப்பிட்டே கிக்கின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். டிரம்மர் வாசிக்கும்போது அணியத் திறந்த வகை உதவாது, சோனி எம்.டி.ஆர்.-7506 அல்லது பேயர்டைனமிக் டி.டி.770 போன்ற மூடிய வகை தேவை.

நல்ல டிரம்மரும் சத்தம் போட அனுமதியும் இருந்தால் நான்கு மைக் வழியே என் முதல் தேர்வு. அனுமதி இல்லாவிட்டால் மின்னணு செட்டும் மிடியும். வாசிப்பவரே இல்லாவிட்டால் மூன்றாவது வழி. அப்போது இன்டர்ஃபேஸுக்கு இரண்டு உள்ளீடு போதும், மிச்சப் பணம் ஹெட்போனுக்குப் போகட்டும். நான்கு மைக்கில் பதிந்தும் கிக் மட்டும் அறையால் கெட்டுப்போயிருந்தால் முழுப் பதிவையும் கைவிடத் தேவையில்லை. அதன் ஒவ்வோர் அடிக்கும் அடியில் ஒரு சாம்பிளைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டின் அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, முதல் ஏற்றம் ஒரே கணத்தில், ஒரே திசையில் தொடங்கும்படி நகர்த்தியபின்பே கலக்கவேண்டும். இல்லையேல் சேர்த்த சாம்பிளே இருந்த அடி ஒலியையும் தின்றுவிடும்.