எச்சரிக்கை: எஞ்சின் சூட்டைக் காட்டி நடக்கும் பிஸ்டன் மோசடி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கங்களில் மோட்டார் சைக்கிள் ஓடுகின்ற அனைவருடைய கவனத்துக்கும் இதை எழுதுகிறேன். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று நீங்கள் கொண்டுபோகும் வண்டியின் மீது தண்ணீர் தெளித்து, அது சீறி ஆவியாவதைக் காட்டி, உடனே எஞ்சின் செய்யவேண்டும், அதாவது திறந்து பிஸ்டன் மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னால், வண்டியை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். இந்தச் சோளகக் காலத்தில் எனக்கு அதுதான் நடந்தது. 34,500 ரூபா கொடுத்தேன். சூடு குறையவில்லை. மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கப்பட்ட பிஸ்டன் மாற்றப்படவே இல்லை என்பது, பின்னர் வேறொருவர் எஞ்சினைத் திறந்தபோது தெரியவந்தது.

என்னுடையது காற்றினால் குளிரும் 150 சிசி எஞ்சின். பெற்றோலையும் காற்றையும் அளந்து கலக்கும் காபரேற்றர் உள்ள பழைய வண்டி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்தத் தடை நீடித்ததால், வன்னியில் எங்களில் பலர் இத்தகைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடுகிறோம். புதுக்குடியிருப்பிலிருந்து ஏ35 வீதியால் உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம் கடந்து பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகிறேன். சில வாரங்களாக, விசுவமடுவைத் தாண்டும்போதே வெப்பம் தொடையில் சுடத் தொடங்கியது. இழுவை குறைந்தது. அக்சிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சினின் வேகம் உடனே இறங்காமல் சிறிது நேரம் உயர்ந்தே நின்றது; சைலன்சரில் இடையிடையே வெடிச்சத்தம் கேட்டது. கராஜில் இந்த அறிகுறிகள் அனைத்தையும் சொன்னேன். வேகம் இறங்காமல் நிற்பது பெரிய தடயம் என்பது இப்போது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்த ஒருவருக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கராஜ்காரர் எதையும் சோதிக்கவில்லை. போத்தலில் இருந்த தண்ணீரைச் சிலிண்டர் மீது தெளித்தார். ‘சர்’ என்று ஆவி கிளம்பியது. “பாருங்கோ அண்ணை, எஞ்சின் எரியுது. இப்பிடியே ஓடினால் வீதியிலை இறுகி நிண்டிடும்” என்றார். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

இந்த வித்தையைத்தான் நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. காற்றினால் குளிரும் எஞ்சினின் தலைப்பகுதி, எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்போதே அதற்கு மேற்பட்ட வெப்பத்தை அடைகிறது. அப்படி ஓடுவதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே தூர ஓடி வந்து நின்ற எந்த வண்டியின் தலையில் தண்ணீர் பட்டாலும் அது சீறும். நான் பின்னர், நல்ல நிலையில் உள்ள அயலவர் ஒருவருடைய வண்டியில் சில துளிகள் தெளித்துப் பார்த்தேன். அதே சத்தம், அதே ஆவி. நோயாளிக்கும் சுகதேகிக்கும் ஒரே விடையைத் தருகின்ற ஒரு சோதனை, சோதனை ஆகாது. அதோடு, கொதிக்கும் எஞ்சினில் நிறையத் தண்ணீரை ஊற்றினால் அலுமினியப் பாகம் திடீரெனச் சுருங்கி வளையவோ வெடிக்கவோ கூடும். அதை எவரும் உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள்.

வண்டி திரும்பக் கிடைத்தபோது சிலிண்டர் வெள்ளி நிறத்தில் பளபளத்தது. கடையின் பெயரில்லாத ஒரு துண்டில் பிஸ்டன் செற், போர் அடித்த (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெருப்பித்த) கூலி, காஸ்கற் (பொருத்துகளில் கசிவைத் தடுக்கும் தகடு), ஒயில், வேலைக்கூலி என்று எழுதப்பட்டிருந்தது. பழைய பிஸ்டனைக் கேட்டேன். குப்பைக்குள் போட்டாயிற்று என்று பதில் வந்தது. சில நாட்களிலேயே சூடு முன்போலவே இருந்தது. கூடவே சிலிண்டருக்கும் தலைக்கும் இடையில் ஒயில் கசியத் தொடங்கியது. திரும்பிப் போனபோது, புதிய பிஸ்டன் என்றால் முதலில் சூடு இருக்கும், ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் சரியாகிவிடும் என்றார். இந்தப் பதில் ஆபத்தானது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. புதிய பிஸ்டனும் றிங்குகளும் சிலிண்டரோடு இசையும்வரை எஞ்சின் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பது சரி. ஆனால் புதிய பிஸ்டன் போட்டிருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

பிறகு கிளிநொச்சியில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, தொடக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் இடித்துச் சூடேறும் என்பதால், எஞ்சின் ஏன் சூடாகிறது என்ற கேள்வியோடு வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். வன்னியில் இப்படிப்பட்ட நேர்மையான கைகள் நிறைய உண்டு என்பதனால்தான், அந்த நம்பிக்கையை வைத்து ஏமாற்றுகிறவர்கள் மீது எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

அவர் கழற்றும் சாவியை (ஸ்பானரை) எடுக்கும் முன் வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றி, முன் சில்லு நிலத்தில் படாதபடி செய்து, கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்றிலேயே நின்றது. முன் டிஸ்க் பிரேக்கின் உள்ளே இருக்கும் சிறிய பிஸ்டன், புழுதி இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் பின்வாங்காமல் இருந்தது. எஞ்சின் அத்தனை தூரமும் பிரேக்கை எதிர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்துப் பிளக்கைக் கழற்றினார். எரியும் முனை மண்ணிறமாக இருக்கவேண்டிய இடத்தில் வெளுத்திருந்தது. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இறப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் காபரேற்றர் கழுவும் ஸ்பிரேயைச் சிறிதளவு அடித்தார். எஞ்சினின் சத்தம் உடனே மாறியது. கழற்றிப் பார்த்தபோது, மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வெடிப்பு அந்த இறப்பரில் ஓடியிருந்தது. அந்த வெடிப்பினூடாகக் காபரேற்றர் அளக்காத காற்று உள்ளே போனதால், பெற்றோலின் பங்கு குறைந்து, கலவை கூடிய வெப்பத்தோடு எரிந்திருக்கிறது. அக்சிலேற்றரை விட்ட பிறகும் வேகம் இறங்காததற்கும், சைலன்சரில் வெடித்ததற்கும் அதுவே காரணம். (ஸ்பிரே தீப்பற்றக்கூடியது, இதை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம்.)

ஒயில் கசிவுக்காகத் தலையைத் திறக்கவேண்டி இருந்தது. என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் திறந்தார். சிலிண்டரைப் போர் அடித்துப் பெருப்பித்தால் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும்; அந்தப் பிஸ்டனின் தலையில் 0.25, 0.50 என்று கூடிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடைய பிஸ்டனின் மேல் தடித்த கரி படிந்திருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தபோது அத்தகைய இலக்கம் எதுவும் இல்லை. புதிதாகப் போர் அடித்த சிலிண்டரின் உட்சுவரில் காணப்படவேண்டிய குறுக்குமறுக்கான மெல்லிய கீறல்களும் இல்லை. அளந்து பார்த்து, சிலிண்டர் இன்னும் தேய்மான எல்லைக்குள்தான் இருக்கிறது என்றார். அதாவது அந்த வேலை செய்யப்படவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. தலையைக் கழற்றி, பழைய காஸ்கற்றையே திரும்ப வைத்துப் பூட்டி, வெளியே வெள்ளிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயின்ற்கூடச் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையில் இறுகியிருந்த செம்மண்ணைக் கழுவாமல் அதன் மேலேயே பூசப்பட்டிருந்தது. அந்தத் தகடுகளினூடாகக் காற்றுப் போவதால்தான் எஞ்சின் குளிர்கிறது. அவற்றை அடைத்துவிட்டு, எஞ்சின் செய்ததாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இறப்பர், காஸ்கற், புதிய ஒயில், பிரேக் கழுவிய கூலி எல்லாம் சேர்த்து, முதலில் கொடுத்த பணத்தின் ஐந்திலொரு பங்கும் ஆகவில்லை. இப்போது நடுப்பகலில், உழவு இயந்திரத்தின் பின்னால் ஊர்ந்து வந்தாலும் பழைய சூடு இல்லை.

ஆகவே, எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்கும் முன், செலவில்லாத சோதனைகளைக் கராஜ்காரர் உங்கள் கண்முன் செய்யவேண்டும் என்று கேளுங்கள். இரண்டு சில்லுகளும் இலகுவாகச் சுற்றவேண்டும். ஒயிலின் மட்டத்தைப் பார்க்கவேண்டும். கிளச் எஞ்சின் ஒயிலில் நனைந்தே இயங்கும் வண்டிகளுக்குக் கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கி அதுவும் சூட்டைக் கூட்டும் என்பதால், போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே அளக்கவேண்டும்; சூடாக வந்த வண்டியில் உடனே அளந்து திருப்புகிறவர்களை நம்பவேண்டாம். றேடியேற்றர் உள்ள, தண்ணீரால் குளிரும் வண்டி என்றால் விடயம் வேறு. ஆனால் சூட்டோடு அதன் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

உண்மையாகவே பிஸ்டன் மாற்றவேண்டி வந்தால், கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிஸ்டனைக் கையில் வாங்குங்கள். புதியதன் தலையில் உள்ள இலக்கத்தைப் பூட்டும் முன் படம் எடுங்கள். கடையின் பெயரும் திகதியும் உள்ள பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்படவேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பிஸ்டனின் படங்களையும் அந்தத் துண்டையும் இணைத்து நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியாததால் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் வண்டிக்கும் இதே தண்ணீர் வித்தையைக் காட்டி அண்மையில் எஞ்சின் செய்திருந்தால், மூன்று மாதம் கடக்கும் முன் நம்பிக்கையான வேறொருவரிடம் காட்டி, பிஸ்டனின் இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.