தபால் விளம்பர அட்டைக்குச் சிவகாசி அச்சகம்: அச்சு பிரமாதம், டிசைன் சுமார்

எங்கள் தையல் கடைக்கு வீடு வீடாகத் தபாலில் போகிற விளம்பர அட்டையைச் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் அடித்தோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் கார்டு என்கிற தடித்த வழுவழு அட்டை, நாலு கலர். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக டிசைன் ஓடவேண்டும் என்று கறாராகக் கேட்டு வாங்கித்தான் வெட்டினார்கள், அதனால் எந்த ஓரத்திலும் வெள்ளைக் கோடு தெரியவில்லை.

டிசைன்தான் இழுவை. முதல் ப்ரூஃபில் (சரிபார்க்கக் காட்டிய மாதிரியில்) கடைப் பெயர் பாதி அட்டையை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் இணையத்தில் எடுத்த ஏதோ மாடல் படம், "லைனிங் இலவசம்" என்ற சலுகை மட்டும் மூலையில் எறும்பு சைஸில்! தபாலை வாங்குகிறவர் கேட்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் பார்த்துவிட்டுக் கடாசிவிடுவார், சலுகையும் கடைசித் தேதியும்தான் முதலில் கண்ணில் படவேண்டும் என்று சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தோம். இரண்டு பக்கமும் பளபள லேமினேஷன் போடலாம் என்றார்கள்; முகவரிப் பக்கத்தில் பேனா மை நிற்காதே, அதனால் அந்தப் பக்கத்துக்கு வேண்டாம் என்றோம்.

ஒரு நல்ல யோசனை அவர்களுடையது: நாலு கலருக்கும் தனித்தனி அச்சுத் தகடு (பிளேட்) உண்டு, அதில் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றி ஏரியாவுக்கு ஒரு தனிக் கூப்பன் எழுத்து அடிப்பது. எந்தப் பகுதியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று கடையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆமாம், முகவரிப் பட்டியல் இல்லாதவர்கள் அஞ்சல் துறையின் டைரக்ட் போஸ்ட் பற்றி விசாரியுங்கள், முகவரி எழுதாமலே ஏரியா முழுக்கப் போடுவார்கள். டிசைனை வெளியே முடித்துக்கொண்டு போனால் இந்த அச்சகத்துக்கு 4 ஸ்டார்.