ஒரே கட்டடம், இரண்டு தீர்ப்புகள்: போக்குவரத்துத் தாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

நகரின் நடுவே, ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் 300 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு விண்ணப்பம் வருகிறது. அதே வரைபடத்தை வைத்து நகர எல்லைக்கு அப்பால், நெடுஞ்சாலையை ஒட்டிய வெற்று நிலத்தில் இன்னொன்றுக்கும் விண்ணப்பம் வருகிறது. போக்குவரத்துக்கு எது அதிகக் கேடு? அளவுகோலை மாற்றினால் விடை தலைகீழாகிறது. கட்டட அனுமதிக்காகத் தயாரிக்கும் போக்குவரத்து ஆய்வறிக்கைகளில் பெரும்பாலும் விவாதிக்கப்படாமல் போவது இதுதான்.

பழைய அளவுகோல் சந்திப்புத் தாமதம். அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965ஆம் ஆண்டுப் பதிப்பு, சாலைகளுக்குப் பள்ளி மதிப்பெண் அட்டை போல ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்தது. சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு வாகனத்துக்குச் சராசரித் தாமதம் 10 நொடிக்குள் இருந்தால் ஏ. 35 முதல் 55 நொடி வரை டி. அதைத் தாண்டி 80 வரை இ. அதற்கும் மேல் எஃப் என்பது இன்றைய கணக்கு.

இதை நமது இரு கட்டடங்களுக்கும் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவைதான்; டி வரை தேர்ச்சி என்றும் கொள்வோம். நடுநகரச் சந்திப்பில் இப்போதே 53 நொடித் தாமதம். புதிய கட்டடம் 3 நொடியைக் கூட்டுகிறது, தரம் டி-யிலிருந்து இ-க்கு விழுகிறது. புறநகரில் இப்போது 12 நொடி. கட்டடம் 6 நொடியைக் கூட்டியும் 18-தான், தரம் பி-யிலேயே நிற்கிறது. இரண்டு மடங்கு தாமதம் சேர்த்தவர் தேறிவிட, பாதி சேர்த்தவர் தோற்றுப்போகிறார். கடைசியாக வந்தவர் தலையில் முன்னவர்கள் சேர்த்த நெரிசல் முழுவதும் விழுகிறது.

அடுத்தது பரிகாரம். சாலையை அகலப்படுத்து, திரும்புவதற்குத் தனித்தடம் போடு என்று அறிக்கை சொல்லும். தடத்துக்கான இடம் நடைபாதையிலிருந்து வெட்டப்படும். சாலையைக் கடப்பவர் இன்னும் நீளமாகக் கடக்க வேண்டியிருக்கும். அவருடைய காத்திருப்பு இந்தத் தரவரிசையில் சேராது. 50 பேர் அமர்ந்த பேருந்தும் சராசரித் தாமதக் கணக்கில் ஒரு வாகனம்தான்.

இதற்குப் போட்டியாக வந்தது மொத்த வாகனப் பயணதூரம், அதாவது கட்டடத்தால் உண்டாகும் வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரம். கலிஃபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் சுற்றுச்சூழல் ஆய்வில் வாகனத் தாமதத்தை விலக்கி இதை முன்னிறுத்தியது. புதிய குடியிருப்பில் தலைக்குரிய பயணதூரம் அந்த நகரம் அல்லது வட்டாரத்தின் தற்போதைய சராசரியைவிட 15 சதவீதம் குறைவாக இருக்கவேண்டும் என்பது மாநில வழிகாட்டுதலின் பரிந்துரை. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிலையத்துக்கு அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் அமைந்தால், பொதுவாகப் பெரிய தாக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நடுநகரக் குடும்பம் நாளுக்கு 12 கிலோமீட்டரும் புறநகரக் குடும்பம் 45 கிலோமீட்டரும் காரில் போவதாக வைத்துக்கொண்டால், முதலாவது கட்டடம் 3,600 கிலோமீட்டரையும் இரண்டாவது 13,500 கிலோமீட்டரையும் நகரின் மீது ஏற்றுகிறது. தீர்ப்பு புரண்டுவிட்டது. என்னைக் கேட்டால் இதுவே நியாயமான தீர்ப்பு: புறநகரக் கார்கள் தங்கள் வாசலில் நெரிசலை உண்டாக்காமல், பத்துச் சந்திப்புகள் தள்ளிப் போய் அடுத்தவர் கணக்கில் எழுதிவிடுகின்றன.

ஆனால் இந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. ஓர் அரங்கில் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது சாலைவரை நீளும் வரிசையையோ, பள்ளி வாசலுக்கு எதிரே வைக்கப்பட்ட வாகன நிறுத்துமிட வழியையோ அது காணாது. தெருமுனையில் தினமும் சிக்கிக்கொள்பவரிடம் ‘தலைக்குரிய தூரம் குறைவுதான் ஐயா’ என்று சொல்லி அனுப்பிவிட முடியுமா?

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் அடிமட்டத்தில் இருக்கிறது. ஒரு கட்டடம் எத்தனை பயணங்களை உண்டாக்கும் என்பதைப் பெரும்பாலும் கையேட்டு விகிதங்களிலிருந்தே எடுக்கிறார்கள். அமெரிக்க நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதைக் கேலி செய்யாத குறையாகச் சுட்டிக்காட்டினார். 1987ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயண உருவாக்கக் கையேடு, காரில் இருந்தபடியே வாங்கிச்செல்லும் துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்கள் என்றது. மூன்று தசம இடங்கள்! அதே பக்கத்தில் இருந்த புள்ளியியல் கணக்கின்படி, பயண எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபடுவதில் பரப்பளவால் விளக்க முடிந்தது 7 சதவீதத்துக்கும் குறைவு.

முன்கணிப்பையே நம்பாத மூன்றாவது வழியும் உண்டு. எத்தனை கார் வரும் என்று கணித்து அதற்குச் சாலை போடாமல், எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பப் பேருந்து, நடைபாதை, நிறுத்துமிட அளவு ஆகியவற்றை வகுப்பது. இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கை 2024 டிசம்பர் திருத்தத்தில் இப்பக்கம் சாய்ந்தது. கேட்க இனிமையானது; ஏமாற்றவும் எளிதானது. வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகு வாக்களித்த பேருந்து வராவிட்டால், அந்தத் தொலைநோக்கு விளம்பரத்தாளில் மட்டும்தான் மிஞ்சும். முதல் கட்டத்தில் குடியேறியவர்களின் பயணங்களை எண்ணி, இலக்கு எட்டினால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி என்று உத்தரவிலேயே எழுதினால் இதை ஏற்கலாம்.

எங்கே, எவ்வளவு கட்டுவது என்பதற்குப் பயணதூரத்தைத் தேர்வேன். வாசலை எந்தத் தெருவில் வைப்பது, வரிசை எவ்வளவு நீளும் என்பதற்குத் தாமதக் கணக்கையே வைத்துக்கொள்வேன். அனுமதியை மறுக்கும் ஆயுதமாக அல்ல. எந்த முறை அறிக்கையானாலும் முதலில் நான் புரட்டுவது பின்னிணைப்பில் இருக்கும் போக்குவரத்து எண்ணிக்கையின் தேதியை. அது பள்ளி விடுமுறை வாரமாக இருந்தால், மீதிப் பக்கங்களைப் படிக்குமுன் மறு எண்ணிக்கை கேட்பேன்.