50 திர்ஹம் நோட்டில் நிற்கும் மனிதர்கள்: துபாய் இத்திஹாத் அருங்காட்சியகம்

என் லாத்தாவின், அதாவது அக்காவின், மகன் கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் சம்பளத்தை எடுத்து வந்த அன்றிரவு, ஒரு 50 திர்ஹம் நோட்டை விளக்கின் அருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, வலது பக்கம் இருப்பது ஷேக் ஜாயித். நடுவில் வரிசையாக நிற்கிறார்களே, இவர்கள் யார்?"

தேராவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் 27 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் என் கையில் புரளும் நோட்டுதான் அது. துபாயின் ஆட்சியாளராக இருந்த ஷேக் ராஷிதைக் காட்டினேன். ஷார்ஜாவின் ஆட்சியாளரும் இருக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் ஒரு பெயரும் வாயில் வரவில்லை. எனக்கும் என் வாப்பாவுக்கும் சோறு போட்ட நாட்டை உண்டாக்கியவர்களின் பெயர் தெரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன் என்பது மனத்தை அறுத்தது. அவன் நோட்டைத் திருப்பினான். பின்பக்கத்தில் அபுதாபியின் ஆட்சியாளராக இருந்த ஷேக் ஜாயித், தனித்தனி ஆட்சிப்பகுதிகளை ஐக்கிய அரபு அமீரகம் என்ற ஒரே நாடாக்கிய ஒன்றியப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். கூடவே ஒரு கட்டடம். நாட்டின் 50ஆம் ஆண்டு நிறைவுக்காக 2021 டிசம்பரில் வெளியான நோட்டு அது. கட்டடம், ஜுமைராவில் இருக்கும் இத்திஹாத் அருங்காட்சியகம். இத்திஹாத் என்றால் ஒன்றியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதென்று அப்போதே முடிவு செய்தோம்.

அந்த இடத்தை அதற்கு முன் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். என் மனைவி விசிட் விசாவில் வந்திருந்தபோது, ஊர் சுற்றிக் காட்டும் வேன் ஒன்றில் போனோம். வேன்காரர் வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தயவுசெய்து இதை அப்படிப் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

நாங்கள் பஸ்ஸில் சத்வா வரை போய், அங்கிருந்து டிசம்பர் 2 சாலையில் கடலை நோக்கி நடந்தோம். பழைய ஆட்களுக்கு இன்றும் அது தியாஃபா ரோடுதான். குளிர்காலம் என்பதால் நடை இனிதாக இருந்தது. கோடையில் போகிறவர்கள் டாக்சி பிடித்துவிடுங்கள். தூரத்திலேயே பெரிய கொடிமரம் தெரியும். அதை நோக்கி நடந்தால் போதும்.

கட்டடமே முதல் காட்சிப்பொருள். விரித்துவைத்த காகிதம்போல வளைந்து தாழ்ந்து எழும் வெள்ளைக் கூரை. அதனூடே சாய்ந்து நிற்கும் ஏழு தூண்கள். கூரை ஒப்பந்தப் பத்திரம், தூண்கள் அதில் கையெழுத்திட்ட பேனாக்கள். கனடாவின் மோரியாமா தெஷிமா நிறுவனத்தின் வடிவமைப்பு. 2017 தொடக்கத்திலிருந்து மக்கள் பார்வைக்கு இருக்கிறது. நாங்கள் போனபோது பெரியவர்களுக்குத் தலைக்கு 25 திர்ஹம் கட்டணம். மருமகன் அந்த 50 திர்ஹம் நோட்டையே எடுத்து நீட்டினான்.

காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் பூமிக்குக் கீழே இருக்கின்றன. விளக்கங்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. மதரசாவில் ஓதிய பழக்கத்தில் அவன் அரபியை எழுத்துக்கூட்டிப் படித்தான், நான் ஆங்கிலத்தைப் பார்த்துப் பொருள் சொன்னேன். இருவருமாகச் சேர்ந்து படித்ததால் எந்தப் பலகையையும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஒன்றியம் உருவாவதற்கு முன் இந்தக் கரை மக்கள் பயணம் செய்த பாஸ்போர்ட்டுகளின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றோம். பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக் காக்கிறவர்கள் நாங்கள். இந்த நாட்டுக்காரர்களுக்கே ஒரு காலத்தில் பொதுவான ஒரு பாஸ்போர்ட் இல்லை என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

நடந்தது இதுதான். 1820 முதல் பிரிட்டன் இந்தக் கரையின் ஷேக்குகளை ஒப்பந்தங்களால் கட்டிவைத்திருந்தது. அந்த பிரிட்டன் 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று அறிவித்தது. ஒரு மாதம்கூட வீணாகவில்லை. பிப்ரவரி 18 அன்று அபுதாபிக்கும் துபாய்க்கும் இடையே பாலைவனத்தில் ஷேக் ஜாயிதும் ஷேக் ராஷிதும் சந்தித்து, இரண்டும் ஒன்றாக இணையும் என்று பேசி முடித்தார்கள். அதே மாதம் பஹ்ரைன், கத்தார் உட்பட ஒன்பது ஆட்சியாளர்கள் துபாயில் கூடினார்கள். மூன்றரை ஆண்டுகள் பேச்சு நடந்தது. கடைசியில் பஹ்ரைனும் கத்தாரும் 1971இல் தனித்தனி நாடுகளாகிப் போயின. மிச்சமிருந்தவர்களில் ஆறு பேர் 1971 டிசம்பர் 2 அன்று ஒன்றியத்தை அறிவித்தார்கள்.

இந்த மூன்றரை ஆண்டுகளை அருங்காட்சியகம் பொறுமையாகச் சொல்லுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாடு ஒன்று ஒரே நாளில் கொடியேற்றிப் பிறந்துவிட்டதாகக் காட்டவில்லை. கூட்டத்துக்கு மேல் கூட்டம், ஒத்திவைப்பு, மீண்டும் அழைப்பு. ஒவ்வொருவரும் ஒரு கையளவு உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் பத்திரம் எழுத முடிந்திருக்கிறது.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதையெல்லாம் பணத்தின் வழியாகத்தான் எளிதில் விளங்கிக்கொள்ள முடிகிறது. அங்கே நின்றபடியே மருமகனுக்கு வாப்பாவின் கதையைச் சொன்னேன். வாப்பா 1970இல் பம்பாயில் துவாரகா கப்பல் ஏறி இங்கே வந்தவர். முன்பு இந்தக் கரை முழுவதும் நம் ரூபாய்தான் ஓடியது. 1959 முதல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டே அச்சிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, இங்கே இருந்தவர்களின் கைப்பணமும் சேர்ந்து இறங்கியது. அதோடு ரூபாயைக் கைவிட்டார்கள். துபாய், கத்தாரோடு சேர்ந்து ஒரு ரியால் வெளியிட்டது. அபுதாபி, பஹ்ரைனின் தினாரை எடுத்துக்கொண்டது. வாப்பாவுக்குச் சம்பளம் ரியாலில். அபுதாபியில் இருந்த அவருடைய சிநேகிதருக்குத் தினாரில். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இப்போது காரில் ஒன்றரை மணி நேரம். திர்ஹம் வந்தது 1973 மே மாதத்தில்தான். ஒன்றியம் அறிவித்து ஒன்றரை ஆண்டு கழித்து!

டிசம்பர் 2 அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வாப்பாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவருக்கு நினைவிருந்தது மறுநாள்தான். டிசம்பர் 3 அன்று இந்தியா பாகிஸ்தான் போர் மூண்டது. அவர்கள் அறையில் இந்தியரும் பாகிஸ்தானியரும் சேர்ந்து தங்கியிருந்தார்கள். இரு தரப்பும் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்தி கேட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாடு பிறந்ததை அவர்கள் கவனிக்கவே இல்லை. அந்தச் சுவர்களில் இருந்த படங்களைப் பார்க்கும்போது, வாப்பா அப்போது இதே ஊரில் இருபத்திரண்டு வயதில் இருந்தார் என்ற நினைப்பு என்னை விட்டு நீங்கவில்லை.

அடுத்து, நாங்கள் தேடி வந்த மனிதர்கள். ஆட்சியாளர்கள் ஒவ்வொருவரின் வம்சத்தையும் வாழ்க்கையையும் தனித்தனியே காட்டி, அவர்கள் பயன்படுத்திய பொருள்களையும் வைத்திருக்கிறார்கள். பணத்தாளில் முகமாக மட்டும் இருந்தவர்கள் இங்கே ஆளாக எழுந்து வருகிறார்கள்.

ஷேக் ஜாயித் 1966இல் அபுதாபியின் ஆட்சியாளர் ஆவதற்கு முன் இருபது ஆண்டுகள் அல் ஐன் பகுதியை நிர்வகித்தவர். பாலைவனச் சோலையில் ஃபலஜ் என்னும் நிலத்தடி வாய்க்கால்களைத் தூர்வாரி, தண்ணீர்ப் பங்கீட்டைச் சரிசெய்வது அங்கே அவருக்குப் பெரிய வேலை. இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்த் தண்ணீருக்காக நடக்கும் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்கத் தெரிந்தவருக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 நவம்பரில் அவர் காலமானபோது நான் இங்கே இருந்தேன். கடைகள் அடைத்துக் கிடந்த தேராவின் அமைதி இன்றும் காதில் இருக்கிறது.

ஷேக் ராஷித் 1958 முதல் 1990 வரை துபாயை ஆண்டவர். மணல் மேடிட்டுக் கிடந்த கடற்கழியை, குவைத்திடம் கடன் வாங்கித் தூர்வார வைத்தார். எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு முன்பே செய்த காரியம் இது. நாங்கள் தினமும் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கடக்கும் அந்தக் கழி ஆழமாக இருப்பது அவரால்தான். 1972இல் ராஷித் துறைமுகம், 1979இல் ஜெபல் அலி துறைமுகம். இவருடைய தாயார் ஷேகா ஹஸ்ஸா பின்த் அல் முர் சொந்தமாக வணிகம் செய்தவர், ஊரார் தேடி வந்து யோசனை கேட்ட பெண்மணி. ராஷிதின் வணிக மூளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அம்மையாரில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மற்ற ஐவரின் பெயர்களையும் மருமகன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அஜ்மானின் ராஷித் பின் ஹுமைத் 1928 முதலும், உம்முல் குவைனின் அஹமத் பின் ராஷித் 1929 முதலும் ஆட்சியில் இருந்தவர்கள். முத்துத் தொழில் செழித்திருந்ததையும், ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து அது விழுந்ததையும் கண்ணால் பார்த்த தலைமுறை. சங்கும் முத்தும் எங்கள் ஊர்த் தொழிலும்தான் என்பதால் இந்த இருவரிடமும் எனக்குத் தனி ஒட்டுதல் ஏற்பட்டது. புஜைராவின் முகமது பின் ஹமத் அல் ஷர்கியின் நாட்டை பிரிட்டன் தனி ஆட்சிப்பகுதியாக ஏற்றதே 1952இல்தான். ஷார்ஜாவின் காலித் பின் முகமது, கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகாமல் 1972 ஜனவரியில் கொலையுண்டார். ராஸ் அல் கைமாவின் சக்ர் பின் முகமது டிசம்பர் 2 அன்று சேரவில்லை, 1972 பிப்ரவரி 10 அன்று சேர்ந்தார். அன்று ஆறு பேனாக்கள்தான் எழுதின என்றாலும், கட்டடத்தில் ஏழு தூண்களை வைத்திருக்கிறார்கள். தாமதமாக வந்தவருக்கும் சரிசமமான இடம்.

அரசியலமைப்பு பற்றிய பகுதியைப் பலர் வேகமாகக் கடந்து போவதைப் பார்த்தேன். நில்லுங்கள் என்று சொல்வேன். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 87 சதவீதம் அபுதாபி ஒன்றிடமே இருக்கிறது. ஆனால் கூட்டாட்சி தேசிய மன்றத்தின் 40 இடங்களில் அதற்கு 8தான். துபாய்க்கு 8, ஷார்ஜாவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் ஆறாறு, மற்ற மூன்றுக்கும் நான்கு நான்கு. இடைக்காலம் என்று எழுதிய அந்த அரசியலமைப்பு 1996 வரை இடைக்காலமாகவே இருந்து, அதன் பிறகுதான் நிரந்தரமானது. கால் நூற்றாண்டு வாழ்ந்து பார்த்துவிட்டு உறுதி செய்திருக்கிறார்கள்.

வளாகத்திலேயே யூனியன் ஹவுஸ் இருக்கிறது. சிறிய, வட்டமான கட்டடம். 1971இல் இருந்த தோற்றத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு போய்ப் பார்க்க வேண்டும். நுழைந்தவுடனே நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மேலே அவ்வளவு பெரிய கொடிமரமும் கீழே பூமியைக் குடைந்த கூடங்களும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், நம் ஊரில் ஒரு நடுத்தர வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போதாது போல இருக்கும். இங்கே வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். வெளியே வந்து கொடி ஏற்றினார்கள். கொடியை வரைந்தவர் அப்துல்லா முகமது அல் மஈனா என்ற 19 வயது இளைஞர். செய்தித்தாளில் போட்டி அறிவிப்பைப் பார்த்து வரைந்து அனுப்பியவர், பின்னாளில் தூதராகப் பணியாற்றினார்.

கொடியின் கீழ் ஆட்சியாளர்கள் நிற்கும் அந்தப் படம் இருக்கிறதே, மருமகன் நோட்டில் காட்டிக் கேட்ட படம், அதை எடுத்தவர் பம்பாயிலிருந்து 1965இல் இங்கே வந்த ரமேஷ் சுக்லா. ஒரு கேமராவோடு பிழைக்க வந்த நம் நாட்டு மனிதர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை இந்த நாடு தன் 40ஆம் தேசிய நாளுக்கு இலச்சினையாக ஏற்றுக்கொண்டது. இதைச் சொன்னதும் அவன் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று திரும்பி நடந்தான். நானும் கூடவே போனேன்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம், படிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள், குறிப்பாக இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை புர்ஜ் கலீஃபா பார்க்க அழைத்துப் போவதற்கு முன் இங்கே அழைத்து வாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

திரும்பும் வழியில் சத்வாவில் கரக் சாயா குடித்தோம். அவன் லாத்தாவைக் கைப்பேசியில் அழைத்து, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். வாப்பாவின் ரியால் சம்பளத்தைப் பற்றிச் சொன்னபோது லாத்தா குறுக்கிட்டது எனக்கே கேட்டது. மான் படம் போட்ட ஒரு காசு உம்மாவின் நகைப்பெட்டியில் இன்னும் இருக்கிறதாம். கத்தாரும் துபாயும் சேர்ந்து அடித்த காசுகளில் மான் இருக்கும். வாப்பா முதல் விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கலாம். அடுத்து ஊரிலிருந்து வருகிறவரிடம் அதைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.