காயும் குளமா, நீர் நிற்கும் குளமா, தரையடித் தொட்டியா?

சென்னை மாதிரி ஊரில், குடியிருப்புக்கு நடுவே இருக்கும் மழைநீர்க் குளத்தைச் சீரமைக்கலாம் என்று பேச்செடுத்தால் மூன்று யோசனைகள் வரும். மழை விட்டதும் முழுக்க வடிந்து காயும் குளம். வருஷம் முழுக்க அடியில் தண்ணீர் நிற்கும் குளம். மேலே மைதானம், கீழே கான்கிரீட் தொட்டி.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேரில் 2 மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் 2 கோடி லிட்டர் பிடிக்கும். கான்கிரீட்டும் தாருமான 20 ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் வந்து சேரும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அதற்கு இப்படி ஒரு குளம் தாங்காது. சாதாரணக் கனமழையில் தெருவுக்குள் தண்ணீர் வராமல் தடுப்பதுதான் இதன் வேலை.

காயும் குளம் மலிவு. மற்ற நாட்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம். ஆனால் தண்ணீரைப் பிடித்து மெதுவாக விட வேண்டுமென்பதால் வெளிப்போக்குத் துவாரத்தைச் சிறிதாகத்தான் வைப்பார்கள். நாலு பால் பாக்கெட் உறை, ஒரு பிடி சருகு போதும், அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் வடிய வேண்டியது ஒரு வாரம் நின்றால் கொசுப் பண்ணைதான். 30 செ.மீ. வண்டல் படிந்தால் 30 லட்சம் லிட்டர் கொள்ளளவு போச்சு.

நீர் நிற்கும் குளத்தில் அந்த வண்டல் முதலில் அடித்தண்ணீருக்குள் போய்விடுவதால், வெள்ளத்துக்கு ஒதுக்கிய மேல் இடம் சீக்கிரம் குறையாது. தண்ணீரும் ஓரளவு தெளிந்தே வெளியேறும். வடிகால் வந்து விழும் இடத்தில் கான்கிரீட் தளம் போட்ட ஒரு சிறு குழி அமைத்தால், முக்கால்வாசி மணல் அங்கேயே தங்கும். ஜேசிபி ஒரே நாளில் அள்ளிவிடும். குளம் முழுக்கத் தூர்வாரும் செலவு பல வருஷம் தள்ளிப்போகும். சிக்கல் இரண்டு. சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை மூடிவிடும். அப்புறம், நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் குளம் தளும்பினால்தான் அழகு என்று மதகை மூடச் சொல்வார்கள். தளும்பும் குளத்தில் அடுத்த மழைக்கு ஏது இடம்?

தரையடித் தொட்டிக்குச் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். 2010, 2011இல் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியபின் 3.8 கோடி லிட்டர் பிடிக்கும் ஸ்டாம்ஃபோர்ட் தொட்டியைக் கட்டி 2018இல் திறந்தார்கள். கூடவே கட்டிய கால்வாயோடு சேர்த்து 22.7 கோடி சிங்கப்பூர் டாலர். நிலமே கிடைக்காத ஊருக்குச் சரி. தொட்டியில் தண்ணீரை வெளியேற்ற பம்பும் ஜெனரேட்டரும் வேண்டும், அதுவும் மின்சாரம் போகும் அதே இரவில். மூடிய தொட்டியில் சேறு அள்ள ஆள் இறங்கினால் விஷவாயு. குளம் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு?

என் ஓட்டு இரண்டாவதுக்கு. சாக்கடை இணைப்பைத் துண்டிக்க முடியாத இடமென்றால் மட்டும் முதலாவது. நீர் நிற்கும் குளமானால் நிரந்தர நீர்மட்டத்தை மதகுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் கோடாகப் போட்டுவிடுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்க வேண்டும் என்பதையும், எந்தக் குளமானாலும் மழைக்காலத்தில் தினமும் வெளிப்போக்குத் துவாரத்தின் கம்பி வலையைச் சுத்தம் செய்ய ஒரு ஆள் என்பதையும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.