மினி ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத்தை ஏற்றித் தைக்கிற சின்ன அறுவை) என்று 1,35,000 வாங்கிக்கொண்டு கன்னத்தில் நூல் கோத்து அனுப்பிவிட்டார்கள். வேலூர்க்காரர்கள் யாரும் ஏமாறாதீர்கள்

நேற்று சாயங்காலம் ஐந்தாவது தடவையாக அந்த அழகு சிகிச்சை மையத்தின் மாடிப்படியை ஏறி இறங்கினேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கடையைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். போனது 1,35,000 ரூபாய். நான் சத்துவாச்சாரியில் ரவிக்கை தைக்கிறவள். லைனிங் வைத்துத் தைத்தால் கூலி 450 ரூபாய். அப்படி 300 ரவிக்கை தைத்த காசு அது.

மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆணையத்தில் புகார் கொடுக்கிற வரைக்கும் பெயரை எழுதாதே அத்தை என்று என் அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான். முடி நடுவது, உடம்பு இளைக்க வைப்பது, முகச் சுருக்கம் எடுப்பது எல்லாம் ஒரே இடத்தில் என்று பலகை வைத்திருப்பார்களே, ஏசி போட்ட வரவேற்பறையும் வாசனையுமாக, அந்த மாதிரி ஒரு இடம்.

இந்த வயதில் உனக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். வயது 56. இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை என்று தெரிந்து, சோற்றைக் குறைத்து, 14 கிலோ இளைத்தேன். உடம்புக்கு நல்லதுதான். முகம்தான் தொங்கிப்போனது. கன்னத்துச் சதை இறங்கி, தாடையின் இரண்டு ஓரமும் சின்னப் பை மாதிரி நின்றது. மோவாய்க்குக் கீழே கழுத்தில் இரண்டு கயிறு. என் கடையில் ட்ரையல் பார்க்கிற கண்ணாடி ஆள் உயரம். கல்யாணப் பெண் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்பாள், நான் பின்னால் நின்று முதுகில் குண்டூசி குத்துவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் தோளுக்கு மேலே என் முகம் தெரியும். ஆசைப்பட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முடிக்குச் சாயம் பூசுகிறோம், பல் கட்டிக்கொள்கிறோம், அது போலத்தான் இதுவும்.

அப்புறம் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காளி எழுத்தில் பலகை வைத்த கடைகள் எத்தனை! சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் இது. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் பொய் சொல்வார்கள் என்று இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, என் இரண்டு காதோரமும் இரண்டு விரலை வைத்து, மெதுவாக மேலே தள்ளிப் பிடித்தாள். பை மறைந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய நான் கண்ணாடியில் இருந்தேன். "இவ்ளோதான்க்கா. காதுக்கு முன்னாடி சின்னதா ஒரு தையல். அதுவும் மடிப்புல மறைஞ்சிடும்." விரலை எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

மூன்று வகை சொன்னாள். நூல் வைத்து இழுப்பது 60,000. மினி ஃபேஸ்லிஃப்ட் 1,50,000. முழு ஃபேஸ்லிஃப்ட் 2,75,000. "உங்களுக்கு முழுசு வேண்டாம்க்கா, வீண் செலவு. நூல் பத்தாது. மினிதான் கரெக்ட்." விலை கூடியதை விற்கப் பார்க்காமல் வேண்டாம் என்கிறாளே, நல்ல பெண் என்று நினைத்தேன். அந்த வாரமே முழுப் பணமும் கட்டினால் 15,000 தள்ளுபடி என்றாள். ஏலச்சீட்டு எடுத்த ஒரு லட்சம் கையில் இருந்தது. மீதிக்கு இரண்டு வளையலை அடகு வைத்தேன். 1,35,000 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். சர்க்கரை இருக்கிறது என்று நானாகத்தான் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா." ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை, பிரஷர் பார்க்கவில்லை. ரசீதில் மினி ஃபேஸ்லிஃப்ட் என்ற வார்த்தையே கிடையாது. 'ஃபேஷியல் ரெஜுவனேஷன் பேக்கேஜ்' என்று இருந்தது. ஆங்கிலப் பெயர் அதுதான் போலிருக்கிறது என்று பையில் வைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் நாள் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து சர்ஜன் வருகிறார் என்றார்கள். பச்சை அங்கி மாட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பத்துப் பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முழுக்க ஆங்கிலம். கண்ணாடி இருந்தாலும் எனக்குப் படிக்க வந்திருக்காது, அது வேறு. முகக்கவசம் போட்ட ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார். அப்புறம் கன்னத்துக்குள்ளே ஏதோ ஊர்ந்து போனது. வலி இல்லை. பாவாடைக்கு நாடா கோக்கும்போது உள்ளே ஊக்கு நகர்ந்து போகுமே, விரலால் தடவினால் தெரியுமே, அப்படியே இருந்தது. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. "தையல் போட்டாச்சா சார்?" என்று கேட்டேன். "எல்லாம் ஆச்சும்மா."

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தால் காதுக்கு முன்னாலும் தையல் இல்லை, பின்னாலும் இல்லை. நெற்றிப் பொட்டு முடியோரத்தில் பக்கத்துக்கு நாலு ஊசிப் புள்ளிதான். போன் போட்டேன். "டாக்டர் உங்க ஸ்கின்னப் பாத்துட்டு நூலே போதும்னு மாத்திட்டாரு மேடம்." பணம் கட்டுகிற வரைக்கும் அக்கா, அன்றிலிருந்து மேடம். நூலுக்கு 60,000 என்றுதானே சொன்னீர்கள், மீதி 75,000 எங்கே என்றேன். "அது பேக்கேஜ் மேடம்."

எதிர் வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "இன்னாமே, மூஞ்சி இப்படி வீங்கிக் கீது, பல்லு புடுங்கினியா?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். வீட்டுக்காரரிடமும் பல் என்றுதான் சொல்லியிருந்தேன். முப்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. அதுவும் இவர்களால்தான்.

முதல் தடவை போனபோது வீக்கம் வடியட்டும், ஆறு வாரம் பொறுங்கள் என்றார்கள். இடது கன்னத்தில் ஒரு இடம் உள்ளே சுருங்கிக் குழி விழுந்திருந்தது. தையலில் நூலை இறுக்கிவிட்டால் துணி சுருக்கு விழுமே, அதே மாதிரி. இரண்டாவது தடவை, தாடைப் பட்டையை நீங்கள் ஒழுங்காகப் போடவில்லை என்றார்கள். போட்டேன் ஐயா, பத்து நாள் ராத்திரி பகலாகப் போட்டேன். பங்குனியில் வலது காதோர முடிக்குள் ஏதோ குத்தியது. சீப்பு பட்டால் சுள்ளென்றது. பார்த்தால் நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தடவை அதைக் கத்தரித்து விட்டவள் ஒரு நர்ஸ். டாக்டர் எங்கே என்றால், சென்னை. எப்போது வருவார் என்றால், போன் செய்வோம். செய்யவே இல்லை. நாலாவது தடவை போனபோது அந்தக் கவுன்சிலர் பெண்ணே இல்லை, வேலையை விட்டுவிட்டாளாம். புதிதாக வந்தவள் இன்னொரு செஷன் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காக 45,000 என்கிறாள்! 1,35,000 போதாதாம்.

இப்போது சித்திரை. தாடையில் பை பழையபடி இறங்கி நிற்கிறது. நேற்று மேனேஜர் வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, "வயசுக்குத் தக்கதுதான் மேடம் வரும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரீஃபண்ட் கிடையாது" என்றார். வரவேற்பறையில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று நான் சத்தமாகத்தான் பேசினேன். செக்யூரிட்டி வந்து வாசலைக் காட்டினார். என் வாட்ஸப் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

போன வாரம் முறையான பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் போய்க் காட்டினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த அளவு தொங்கலுக்கு நூல் பொருத்தமே இல்லை என்றார். அவர் சொன்னதை என் தொழில் பாஷையில் சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். தோல் என்பது மேல் துணி. அதற்குக் கீழே லைனிங் மாதிரி ஒரு படலம் இருக்கிறது, ஸ்மாஸ் என்கிறார்கள். 1976-ல் பிரான்ஸ் நாட்டில் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு டாக்டர்கள் அதை விவரித்து எழுதினார்களாம். மேல் துணியை மட்டும் இழுத்துத் தைத்தால் தையல் ஓரம் விறைத்து, வடு அகலமாகி, முகம் இழுத்துக் கட்டின மாதிரி ஆகிவிடும். லைனிங்கை ஏற்றித் தைத்துவிட்டு மேல் துணியை இழுக்காமல் படியவிட வேண்டும். முறையான ஃபேஸ்லிஃப்ட் அதுதான்.

மினி என்பதும் அறுவைதான். காதைச் சுற்றிய வெட்டு சின்னது, தாடையோரப் பை லேசாக இருந்தால் போதும், கழுத்துக்கு அதிகம் பலன் இல்லை. முழு ஃபேஸ்லிஃப்ட்டில் வெட்டு நெற்றிப் பொட்டு முடியோரம் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போகும். கழுத்துக் கயிறு தசையையும் சேர்த்துச் சரி செய்வார்கள். டீப் பிளேன் என்று இன்னொன்று, ஸ்மாஸுக்கும் அடியில் போய், அதைப் பிடித்திருக்கும் இணைப்புகளை விடுவித்து, கன்னத்தையும் சேர்த்து ஏற்றுவது. முகத்தை அசைக்கிற நரம்பின் கிளைகள் அந்த ஆழத்தில் ஓடுகின்றன, பழகின கை வேண்டும். நூல் என்பது நாங்கள் தைப்பதற்கு முன்னால் தற்காலிகமாக நூல் ஓட்டி வைப்போமே, அவ்வளவுதான். கரைகிற நூல் சில மாதத்தில் உள்ளேயே கரைந்துவிடும். லேசான தொங்கலுக்குக் கொஞ்ச காலம் தாங்கும். ஒரு வருடம் நின்றாலே பெரிது.

முழு அறுவையின் பலன் ஏழெட்டு வருடம், பத்து வருடம்கூட நிற்கும். அதன் சங்கடத்தையும் அவரே சொன்னார், கேட்காமலே. தோலுக்கடியில் ரத்தம் கட்டுவதுதான் அடிக்கடி வருகிற சிக்கல், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அது கூடும். புகை பிடிப்பவர்களுக்குத் தோல் செத்துப்போகலாம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி பார்க்காமல் கத்தியையே எடுக்க மாட்டேன் என்றார். வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், கல்யாண சீசனில் செய்துகொள்ளாதீர்கள் அம்மா என்றார். இத்தனையும் சொல்ல அவர் வாங்கியது ஆலோசனைக் கட்டணம் 600 ரூபாய். அங்கே 1,35,000 கொடுத்து இதில் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

எந்த முகத்துக்கு எது, என்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி பத்தாகிவிட்டது, நாளை மறுநாள் முகூர்த்தத்துக்கு நாலு ரவிக்கை கொடுக்க வேண்டும். அவசரமாக எழுதுகிறேன். கத்தி வைக்கப்போகிறவரின் முகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று கேளுங்கள், மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2002-ல் வந்த விதிப்படி அந்த எண் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். என் ரசீதில் இல்லை. ரசீதில் செய்யப்போகிற அறுவையின் பெயர் இருக்கட்டும், பேக்கேஜ் என்று எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழில் தராத தாளில் கையெழுத்து வேண்டாம். இந்த வாரத் தள்ளுபடி என்றால் ஓடிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

காசு கொடுத்துச் செய்துகொள்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, புகாரை இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட ஆணையத்துக்கும், மருத்துவம், ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் போகிறேன். ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கூட வருகிறேன் என்றார்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது 'ஃபேஷியல் ரெஜுவனேஷன் பேக்கேஜ்' என்று ரசீது இருந்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள். சேர்ந்து போவோம். எனக்கு என் 1,35,000 ரூபாய் திரும்ப வேண்டும்.